“போர் அடிக்கிறது” என்று ஓயாமல் சொல்லும் பிள்ளைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியிலும் சுற்று ஊர்களிலும் 31 ஆண்டுகள் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சனிக்கிழமை காலையில் கோட்டையூரில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு யாராவது வந்துவிடுவார்கள். அம்மாக்கள் வருவார்கள், அப்பத்தாக்கள் வருவார்கள், சில நாள் பள்ளிக்கூடப் பிள்ளைகளே வந்து உட்காருவார்கள். யார் எதற்கு வந்தாலும் ஒரு சொல் பேச்சுக்குள் நுழைந்துவிடுகிறது: போர். ஒரே சந்தேகத்துக்கு ஒவ்வொரு வாரமும் பதில் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தந்திருக்கிறேன். பெயர்களை மட்டும் விட்டுவிட்டேன்.

1. போர் அடிப்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதானே டீச்சர்? இதைப் போய்ப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?

வருவதுதான். கல்யாண வீட்டில் அடுத்த பந்திக்குக் காத்திருக்கும்போது வரும். மழை நாளில் வரும். ஒரு மணி நேரத்தில் போய்விடும். அதற்கு வைத்தியம் தேவையில்லை. வாரக்கணக்கில், எந்தப் பாடத்தைத் தொட்டாலும், விளையாடக் கூப்பிட்டாலும், திருவிழாவுக்கு அழைத்துப் போனாலும் ஒரு பிள்ளை ‘போர்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தால் அதைக் கவனிக்க வேண்டும். நாள்பட்ட சலிப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ஜான் ஈஸ்ட்வுட்டும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் சலிப்புக்கு ஒரு விளக்கம் தந்தார்கள். மனம் நிறைவு தரும் ஏதாவது ஒன்றில் ஈடுபட விரும்புகிறது, ஆனால் ஈடுபட முடியாமல் தவிக்கிறது. அந்தத் தவிப்புதான் சலிப்பு. இதில் ‘விரும்புகிறது’ என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள். பின்னால் வரும் பதில்கள் பலவும் அந்தச் சொல்லின் மேல்தான் நிற்கின்றன.

2. எங்கள் காலத்தில் இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர். நீங்கள் புதுப் பெயர் வைத்துச் செல்லம் கொடுக்கிறீர்களா, தாயி?

தேவகோட்டையிலிருந்து பேரனைக் கூட்டிக்கொண்டு வந்த ஓர் ஐயா கேட்டது. அவர் கோபத்தில் நியாயம் உண்டு. சோம்பேறிப் பிள்ளைகளும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் சோம்பேறிக்குச் சும்மா இருப்பது சுகம். சலிப்பில் மாட்டிக்கொண்ட பிள்ளைக்குச் சும்மா இருப்பதே வேதனை. காலை ஆட்டும், பென்சிலைக் கடிக்கும், விசிறியைப் போட்டுப் போட்டு அணைக்கும், தங்கையைச் சீண்டி அழவைக்கும். அந்தப் பேரன் எங்கள் திண்ணைத் தூணை அரை மணி நேரத்தில் இருபது முறை சுற்றி வந்தான். சோம்பேறி அப்படிச் சுற்றமாட்டான் என்று ஐயாவிடம் சொன்னேன்.

அந்த வேதனை எவ்வளவு என்பதை 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் விர்ஜீனியா பல்கலைக்கழகத்தில், சிலரைக் கையில் ஒன்றும் இல்லாமல் 15 நிமிடம் ஓர் அறையில் தனியாக உட்காரச் சொன்னார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் லேசான மின்னதிர்ச்சி வரும். அந்த அதிர்ச்சியைத் தவிர்க்கக் காசுகூடக் கொடுப்போம் என்று முன்னதாகச் சொன்னவர்கள் அவர்கள். இருந்தும் 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் தாங்களாகவே பொத்தானை அழுத்திக்கொண்டார்கள். பெரியவர்கள் கதையே இது. பன்னிரண்டு வயதுப் பையன் பக்கத்துப் பையனைக் கிள்ளுவதில் என்ன அதிசயம்?

3. சரி, சோம்பல் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். பிறகு ஏன் வருகிறது?

ஜெர்மனியில் ராய்ன்ஹார்ட் பெக்ரூன் என்ற உளவியலாளர், படிப்போடு சேர்ந்து வரும் உணர்ச்சிகளை ஆராய்வதையே தம் வேலையாகக் கொண்டவர். பாடத்தின் முன் உட்காரும் பிள்ளைக்குள் இரண்டு கணக்குகள் ஓடுகின்றன என்பது அவர் கருத்து. ‘இது என்னால் முடியுமா?’ என்பது ஒன்று. ‘இதனால் எனக்கு ஏதாவது உண்டா?’ என்பது மற்றொன்று. முடியவே முடியாது என்று பட்டாலும் சலிப்பு வரும். தூக்கத்தில்கூடச் செய்துவிடலாம் என்று பட்டாலும் வரும். எனக்கு இதில் ஒன்றும் இல்லை என்று பட்டால் இன்னும் அழுத்தமாக வரும். நான்காவதாக ஒன்றை என் அனுபவத்திலிருந்து சேர்ப்பேன். எதை, எப்போது, எப்படிச் செய்வது என்பதில் பிள்ளையின் பேச்சுக்கு இடமே இல்லாதபோதும் வரும்.

இவற்றில் நான் மிக அதிகம் பார்த்தது முதலாவதைத்தான். எட்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். இயற்கணிதம் எடுத்தாலே ‘போர் டீச்சர்’ என்று மேசையில் தலை வைத்துவிடுவான். மூன்று வாரம் அவனைத் திமிர் பிடித்தவன் என்றே நினைத்தேன். ஒரு நாள் பள்ளி விட்ட பிறகு உட்கார வைத்து, அரையோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டச் சொன்னேன். ஐந்தில் இரண்டு என்று எழுதினான். மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனியே கூட்டிவிட்டான். ஐந்தாம் வகுப்பிலேயே நின்றுபோயிருந்தான். அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகள் கணக்கு வகுப்பில் அவன் கேட்டதெல்லாம் தெரியாத மொழியில் யாரோ பேசுவது போலத்தான் இருந்திருக்கும்.

‘புரியவில்லை’ என்று சொன்னால் நாற்பது பேர் சிரிப்பார்கள். ‘போர்’ என்று சொன்னால் நாற்பது பேரும் கூடச் சேர்ந்துகொள்வார்கள். புரியவில்லை என்பது வெளியே வரும்போது போட்டுக்கொள்ளும் சலவைச் சட்டைதான் ‘போர்’ என்று அன்று எனக்கு விளங்கியது. உங்கள் வீட்டுப் பிள்ளை அந்தச் சொல்லைச் சொன்னால் முதலில் சட்டையைக் கழற்றிப் பாருங்கள். பெக்ரூனும் அவர் குழுவும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கத்தையும் காட்டியது. சலிப்பு மதிப்பெண்ணைக் குறைக்கிறது, குறைந்த மதிப்பெண் சலிப்பை வளர்க்கிறது. செக்கு மாடு போலச் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்காவது ஓரிடத்தில் நாம் நிறுத்தியாக வேண்டும்.

4. என் மகள் வகுப்பில் முதல் ராங்க். அவளும் போர் என்கிறாளே, அது மட்டும் திமிர்தானே?

மேலே சொன்ன நான்கில் அவளுடையது இரண்டாவது வகையாக இருக்கலாம். தெரிந்ததையே ஐந்தாம் முறை கேட்டுக்கொண்டு கைகட்டி உட்கார்ந்திருப்பது எளிதான காரியம் இல்லை. இவர்களுக்குக் கூடுதல் பக்கம் வீட்டுப்பாடம் கொடுப்பது தண்டனை. அதே வகைக் கணக்கு இருபதுக்குப் பதில், யோசிக்க வைக்கும் கணக்கு ஒன்று கொடுங்கள். அரை நாள் எடுத்துக்கொள்ளட்டும். தப்பாகப் போடட்டும். தப்புப் போட்டே பழகாத பிள்ளைக்கு அதுவும் தேவை.

5. புரியாததா, எளிதாகப் போனதா, பிடிக்காததா என்று வீட்டில் நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? ஏன் என்று கேட்டால் ‘சும்மா’ என்கிறான்.

‘ஏன்?’ என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். அது போலீஸ் ஸ்டேஷன் கேள்வியாகத்தான் பிள்ளை காதில் விழும். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ‘எந்த வரி வரைக்கும் உனக்குச் சரியாக இருந்தது? எனக்குக் காட்டு’ என்று கேளுங்கள். விரல் ஒரு வரியில் நின்றால் புரியாத இடம் அது. கடைசி வரி வரை ஓடினால் எளிதாகப் போயிருக்கிறது. புத்தகத்தையே தொடமாட்டேன் என்றால் பயமோ, பிடிக்காமையோ, ஆசிரியரோடு ஏதாவது மனக்கசப்போ இருக்கலாம்.

ஒரு வாரம் சின்ன நோட்டில் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்குச் சொன்னான், என்ன செய்துகொண்டிருந்தான், அதற்கு முன் என்ன நடந்தது. புதுவயலிலிருந்து வந்த ஒரு தாய் இப்படிக் குறித்ததில், மகன் செவ்வாயும் வியாழனும்தான் அதிகம் புலம்புகிறான் என்று தெரிந்தது. அந்த இரண்டு நாளும் உடற்கல்வி பீரியடை வேறு பாடத்துக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். நோட்டுப் போடாமல் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

6. போனைப் பிடுங்கி வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் வீட்டுக்காரர். உண்மையா?

பாதி உண்மை. டொரான்டோ பல்கலைக்கழகத்தின் இரண்டு ஆய்வாளர்கள் 2024இல் ஒன்றைக் காட்டினார்கள். ஒரு வீடியோவில் இருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருந்தால் போர் அடிக்காது என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நடந்தது தலைகீழ். ஒரே வீடியோவை முழுதாகப் பார்த்தவர்களைவிடத் தாவித் தாவிப் பார்த்தவர்களுக்குத்தான் சலிப்பு அதிகம். விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிற பிள்ளை, சலிப்பைத் தீர்க்க உப்புத் தண்ணீர் குடிக்கிறது.

ஆனால் திடீரென்று பிடுங்கினால் பள்ளம்தான் மிஞ்சும். அந்தப் பள்ளத்தில் சண்டை வந்து நிரம்பும். ‘எதைப் பார்க்கிறாயோ அதை முழுதாகப் பார்’ என்பது எல்லா வீட்டிலும் தொடங்கக்கூடிய விதி. படுக்கும் இடத்தில் போன் வேண்டாம், சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம். இந்த இரண்டும் அப்பாவுக்கும் சேர்த்துத்தான். போனை மட்டும் பழி சொல்லிவிட்டு 3ஆம் கேள்வியில் சொன்ன பின்னக் கணக்கைப் பார்க்காமல் விட்டால், போன் போன பிறகும் போர் இருக்கும்.

7. போனை எடுத்துவிட்டால் இந்த ஊரில் பிள்ளைக்கு வேறென்ன இருக்கிறது? மதுரை, சென்னை என்றாலும் பரவாயில்லை.

இந்தக் கேள்வி என்னைக் கொஞ்சம் வருத்தப்படுத்துகிறது, ஏனென்றால் வெளிநாட்டுக்காரர்கள் விமானம் ஏறி வந்து பார்க்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு நாம் இதைக் கேட்கிறோம். பூப்போட்ட தரைக்கல் செய்கிற ஆத்தங்குடிக்கு ஒரு முறை பிள்ளையைக் கூட்டிப் போங்கள். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, அதற்குள் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும்வரை பார்க்கட்டும். பிறகு வீட்டுத் தரையில் உட்கார்ந்து, ஒரு கல்லைக் கால்வட்டம் திருப்பினால் பூ எப்படி மாறும் என்று தாளில் வரையட்டும். சமச்சீர் என்ற பாடத்தை நான் கரும்பலகையில் நடத்தியதைவிடப் பட்டாலை என்கிற கூடத்துத் தரையில் நடத்தியபோதுதான் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு பதில் சொன்னார்கள்.

சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடியில் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. வடகிழக்கு மழை பிடித்துக் கண்மாய் நிறைந்தால் நத்தைக்குத்தி நாரையும் நீர்க்காகமும் வந்து அடையும். அவை மிரண்டுவிடக் கூடாது என்று பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. ஒரு ஊரே ஏன் இப்படி முடிவு எடுத்தது என்று பிள்ளையே போய் அங்குள்ள பெரியவரிடம் கேட்டு வரட்டும். பரண் மேல் கிடக்கிற பல்லாங்குழியை இறக்குங்கள். 14 குழி, வீட்டுக்கு வீடு மாறுகிற புளியங்கொட்டைக் கணக்கு; எந்தக் குழியில் எடுத்தால் எங்கே முடியும் என்று நாலு சுற்று முன்கூட்டியே பார்க்கிற அப்பத்தாவைப் பேரப்பிள்ளை தோற்கடிக்க எத்தனை நாள் ஆகிறது, பாருங்கள். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலியும் பதினைந்து ஆடும். ஆடாக விளையாடி ஜெயிப்பது எப்படி என்று யோசிக்கிற பையனுக்குப் போன் ஞாபகம் வராது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். போய் வந்ததும் ‘என்ன கற்றுக்கொண்டாய், ஒரு பக்கம் எழுது’ என்று சொல்லிவிடாதீர்கள். அங்கேயே எல்லாம் பாழாகிவிடும்.

8. கோடை விடுமுறையில் போர் அடிக்கக் கூடாது என்று நீச்சல், அபாகஸ், ஹிந்தி, கீபோர்டு எல்லாவற்றிலும் சேர்த்துவிட்டேன். அப்படியும் சொல்கிறாள்!

அதனால்தான் சொல்கிறாள். ஒரு மணி நேரம்கூட அவள் கையில் இல்லை. நான் சொன்ன நான்காவது காரணம் இது. நாலில் எது வேண்டும் என்று அவளையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள்.

காலியான பொழுதைப் பார்த்துப் பெற்றோர் பயப்படவே வேண்டாம். இங்கிலாந்தில் 2014இல் வந்த ஓர் ஆய்வில், சிலரைத் தொலைபேசிப் புத்தகத்தில் இருந்து எண்களைப் பார்த்து எழுத வைத்தார்கள். அதைவிடச் சலிப்பான வேலை கிடையாது. பிறகு இரண்டு பிளாஸ்டிக் கோப்பைகளைக் கொண்டு என்னென்ன செய்யலாம் என்று கேட்டபோது, எழுதியவர்களுக்குத்தான் மற்றவர்களைவிட அதிக யோசனைகள் வந்தன. முதல் கேள்வியில் சொன்ன சாதாரணச் சலிப்பு இப்படிப்பட்டது. பத்து நிமிடம் சிணுங்கிய பிறகு பிள்ளை தானே ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து வெட்டத் தொடங்கும். அந்தப் பத்து நிமிடத்தை நாம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

9. இதைப் படித்து எனக்கு என்ன பயன் என்று கேட்டால் எல்லோரும் திட்டுகிறார்கள். கேட்பது தப்பா மிஸ்?

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தனியாக வந்து கேட்டது. தப்பே இல்லை, கண்ணு. ஆனால் அந்தப் பதிலை மற்றவர்கள் தந்தால் மனத்தில் ஒட்டாது. நீயே கண்டுபிடித்தால் ஒட்டும். அமெரிக்காவில் உன் வயது மாணவர்களை வைத்து 2009இல் ஓர் ஆய்வு வந்தது. அறிவியல் வகுப்பில் சிலர் பாடத்தைச் சுருக்கி எழுதினார்கள். சிலர், அந்தப் பாடம் தம் வாழ்க்கையில் எங்கே வருகிறது என்று எழுதினார்கள். நமக்கு இது வராது என்று நினைத்திருந்த மாணவர்களுக்கு, இரண்டாவது விதமாக எழுதிய பிறகு ஆர்வமும் கூடியது, மதிப்பெண்ணும் கூடியது.

நீயும் ஒரு பாடத்துக்கு ஐந்து வரி எழுதிப் பார். வட்டிக் கணக்கு என்றால், ‘நூற்றுக்கு இரண்டு வட்டி’ என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்களே, அது மாதத்துக்கு. ஆண்டுக்கு 24 சதவீதம். அம்மாவின் சங்கிலி அடகில் இருந்தால் ஓர் ஆண்டில் என்ன ஆகும் என்று போட்டுப் பார். மின்வேதியியல் போர் என்று சொன்ன பிளஸ் டூ மாணவி ஒருத்தி எனக்குத் தெரியும். 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் மதில் ஓரமாகத்தான் தினமும் அவள் பஸ் போகும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் கொடுத்துக் காரைக்குடிக்குக் கொண்டுவந்த ஆய்வகம் அது. உள்ளே செய்வது அந்தப் பாடத்தைத்தான் என்று அவளிடம் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

10. நான் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர். 45 பிள்ளைகள், 40 நிமிடம், முடிக்க வேண்டிய பாடம் மலை போல. ஒவ்வொருவர் சலிப்பையும் நான் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

முடியாது, தம்பி. நானும் அந்த வெயிலில் நின்றவள்தான். எல்லோரையும் பார்க்க வேண்டாம், மூன்றைச் செய்யுங்கள். பீரியட் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது, பெயர் போடாமல், ‘இன்று எந்த இடத்தில் விட்டுப்போனது?’ என்று துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். கரும்பலகையில் ஒரு கணக்குக்குப் பதில் எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று எழுதி, ‘இரண்டைப் போட்டால் போதும், எந்த இரண்டு என்பது உங்கள் விருப்பம்’ என்று சொல்லுங்கள். கேள்வி கேட்ட பிறகு மனத்துக்குள் ஐந்து எண்ணும்வரை காத்திருங்கள். முதலில் கை தூக்குகிற அதே மூன்று பேருக்கு அப்பால் நாலாவது கை அப்போதுதான் எழும்.

‘போர்’ என்று சொன்ன குற்றத்துக்கு இம்போசிஷன் கொடுக்காதீர்கள். நான் கொடுத்திருக்கிறேன். ஒரே வரியை நூறு முறை எழுத வைத்துச் சலிப்பைக் குணப்படுத்தப் பார்த்தேன். அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேரின் முகம் இன்னும் என் நினைவில் இருக்கிறது.

11. எந்நேரமும் கொட்டாவி, சோர்வு. எதிலும் பிடிப்பில்லை. இதுவும் சலிப்புத்தானா?

முதலில் உடம்பைப் பாருங்கள். 13 முதல் 18 வயதுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம். பெண் பிள்ளை என்றால் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைச் சோதியுங்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15–19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பல பிள்ளைகள் கீழே போட்டுவிடுகிறார்கள். சாப்பிட்ட பிறகு விழுங்கச் சொல்லுங்கள்.

கண்ணையும் சோதியுங்கள். பின் பெஞ்சில் உட்கார்ந்து ‘போர்’ என்ற ஒரு பெண்ணுக்குக் கரும்பலகையே தெரியவில்லை என்று ஒரு கண் சிகிச்சை முகாமில்தான் எங்களுக்குத் தெரிந்தது. காலையில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறுகிற பிள்ளைக்குப் பதினோரு மணிக்கு எந்தப் பாடமும் சுவைக்காது.

12. அவன் அப்பா சிங்கப்பூரில். நான் வேலைக்குப் போய் இரவுதான் வருகிறேன். பெரிய வீடு, அவனும் அப்பத்தாவும்தான். சாயங்காலம் ஆனால் போர், போர் என்று என் உயிரை வாங்குகிறான்.

இந்தப் பக்கத்தில் இருக்கிற கேள்விகளிலேயே நான் அதிகம் கேட்டது இதுதான். முகப்பில் ஒரு விளக்கு, இரண்டாம் கட்டில் ஒரு விளக்கு, நடுவில் வளவு என்கிற முற்றம் முழுக்க இருட்டு. அங்கே உட்கார்ந்திருக்கிற பத்து வயதுப் பிள்ளைக்குத் தனிமை என்ற சொல் தெரியாது. தெரிந்த சொல்லைச் சொல்கிறது. ‘சாயங்காலம்’ என்று நீங்களே நேரத்தைச் சொல்லிவிட்டீர்கள். 5ஆம் பதிலில் நோட்டுப் போடச் சொன்னது இதற்குத்தான்.

வாரத்தில் இரண்டு நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் உங்கள் வளவில் விளையாட வரட்டும். தரை அழுக்காகும், துடைத்துக்கொள்ளலாம். அப்பா பேசும்போது ‘நன்றாகப் படிக்கிறாயா?’ என்ற ஒரே கேள்வியோடு வைத்துவிடாமல், இருவரும் சேர்ந்து செய்ய ஒன்று இருக்கட்டும். ஒரு வீட்டில் அப்பாவும் மகனும் போனிலேயே சதுரங்கம் ஆடுகிறார்கள். நாளுக்கு ஒரு நகர்த்தல். அடுத்த நகர்த்தலை யோசித்துக்கொண்டே அந்தப் பையன் பள்ளிக்குப் போகிறான். அப்பத்தாவுக்கும் இதே தனிமை இருக்கும், அவரை விட்டுவிடாதீர்கள்.

13. காலையும் மாலையும் டியூஷன் வைத்தால் பிடிப்பு வருமா?

புரியாத இடத்துக்குத் திரும்பிப் போய்ச் சொல்லிக்கொடுக்கிற டியூஷன் என்றால் வரும். பள்ளியில் நடத்தியதையே வேகமாக இன்னொரு முறை நடத்துகிற டியூஷன் என்றால் சலிப்பு இரட்டிக்கும், தூக்கமும் போகும்.

14. இது வெறும் சலிப்பா, மனநோயா என்று எப்படித் தெரிந்துகொள்வது? டாக்டரிடம் எப்போது போக வேண்டும்?

சலிப்பில் இருக்கிற பிள்ளை ஏதாவது கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருக்கும். முதல் பதிலில் சொன்ன ‘விரும்புகிறது’ அங்கே உயிரோடு இருக்கிறது. அந்த விருப்பமே அணைந்துபோனால் எச்சரிக்கையாக இருங்கள். தாமஸ் கோட்ஸ் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 2014இல் சலிப்பை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். அதில் ஐந்தாவது, நல்லதும் பிடிக்காமல் கெட்டதும் உறைக்காமல் மரத்துப்போன நிலை. அது மனச்சோர்வுக்குப் பக்கத்து வீடு.

முன்பு உயிராக இருந்த கிரிக்கெட், நண்பர்கள், பிடித்த சாப்பாடு எதுவும் இரண்டு வாரத்துக்கு மேல் சுவைக்கவில்லை. தூக்கமோ பசியோ மாறிவிட்டது. அடிக்கடி அழுகை அல்லது எரிச்சல். ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற பேச்சு. இவற்றைப் பார்த்தால் டாக்டரிடம் போங்கள். சாவைப் பற்றிப் பேசினாலோ, கையைக் கீறிக்கொண்டாலோ அன்றைக்கே போங்கள், பிள்ளையைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். பிள்ளைகளே உதவி கேட்க 1098 இருக்கிறது. ஊரில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று தள்ளிப்போட வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. எதிலும் ஐந்து நிமிடம்கூட நிற்க முடியாமல் சின்ன வயதிலிருந்தே தவிக்கிற பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. என்கிற கவனக் குறைபாடு இருக்கலாம். பேச்சில் கெட்டிக்காரன், எழுத்தில் தடுமாறுகிறான் என்றால் டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கும்.

15. பிளஸ் ஒன்னில் நாங்கள் சொல்லித்தான் கணக்கு–உயிரியல் பிரிவு எடுத்தான். அரைப் பரீட்சை முடிந்துவிட்டது. எல்லாமே போர் என்கிறான். இப்போது மாற்றுவதா, தாக்குப்பிடிக்கச் சொல்வதா?

அவசரப்பட்டு இரண்டில் எதையும் சொல்லிவிட முடியாது. 5ஆம் பதிலில் சொன்ன விரல் சோதனையை நான்கு பாடத்திலும் செய்யுங்கள். பத்தாம் வகுப்பு முடித்துப் பிளஸ் ஒன்னுக்கு வருகிற ஏற்றம் மிகச் செங்குத்து. பாதிப் பிள்ளைகளுக்கு முதல் ஆறு மாதம் மூச்சு வாங்கும். விரல் சில இடங்களில்தான் நிற்கிறது என்றால் பிரிவின் மேல் பழி போடாமல் அந்த இடங்களைச் சரிசெய்யலாம்.

எல்லாம் புரிகிறது, மதிப்பெண்ணும் வருகிறது, ஆனாலும் மனம் ஒட்டவில்லை, வணிகவியலோ வரலாறோ படிக்கிற நண்பனின் புத்தகத்தைத்தான் எடுத்துப் புரட்டுகிறான் என்றால் அவன் சொல்வதை நம்புங்கள். ஒரு வருடம் போனாலும் போகட்டும் என்பது என் கருத்து. பலர் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். மாற்ற வழியில்லை என்றால், பிளஸ் டூவுக்குப் பிறகு எந்தப் படிப்பு என்பதை அவனே முடிவு செய்வான் என்று இன்றே சொல்லி, அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள். முடிகிற நாள் தெரிந்தால் மீதி ஒன்றரை ஆண்டைப் பிள்ளை நடந்து கடந்துவிடும்.

16. நீங்கள் சொன்னதெல்லாம் செய்தாயிற்று டீச்சர். மூன்று மாதமாகியும் இன்னும் போர் என்றுதான் சொல்கிறான்.

‘எல்லாம்’ என்றால் என்ன செய்தீர்கள் என்று அந்தத் தாயிடம் கேட்டேன். ஒரே வாரத்தில் போனை வாங்கி வைத்து, டியூஷனை மாற்றி, சுவரில் டைம்டேபிள் ஒட்டி, ஞாயிற்றுக்கிழமை கேரம் போர்டும் வாங்கிவிட்டார்கள். பாவம், பையன் மிரண்டுபோயிருப்பான். ஒன்றை எடுத்து ஆறு வாரம் விடாமல் செய்யுங்கள். எது வேலை செய்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

பிறகு, அவன் சொல்வதைக் கூர்ந்து கேளுங்கள். முன்பு ‘எல்லாமே போர்’ என்றவன் இப்போது ‘வரலாறு போர்’ என்கிறானா? அது முன்னேற்றம்தான். 3ஆம் பதிலில் சொன்ன பின்னக் கணக்குப் பையனுக்கு ஐந்து மாதம் ஆனது. வாரத்தில் மூன்று நாள், அரை மணி நேரம், ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை ஒருவரும் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டு வருவான். அவனுக்கு இயற்கணிதம் கடைசிவரை பிடிக்கவே இல்லை. ஆனால் ஒரு நாள், ‘டீச்சர், 84ஆம் பக்கம் மூன்றாவது கணக்கில் இந்த வரி எப்படி வந்தது?’ என்று கேட்டான். அன்று முதல் அவன் வாயில் ‘போர்’ என்ற சொல் குறைந்துவிட்டது. அந்த இடத்தில் பக்க எண் வந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை வரும்போது பையனின் கணக்கு நோட்டையும் கொண்டுவாருங்கள். அவன் வர மறுத்தால் நோட்டு மட்டும் வந்தாலும் போதும். ஒன்பது மணிக்குத் திண்ணையில் இருப்பேன்.